நனைந்த உள்ளங்கை: இலைப்பேனை எண்ணக் கற்ற வரலாறு

நாற்றங்காலின் வரப்பில் முதியவர் ஒருவர் குனிந்து நிற்கிறார். வாய்க்கால் நீரில் வலக்கையை நனைக்கிறார். விரல்களை விரித்து, உள்ளங்கை படுமாறு இளநாற்றுகளின் நுனிகளை மெல்லத் தடவிச் செல்கிறார். பிறகு கையைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுவந்து, உதடு அசைய எதையோ எண்ணுகிறார். கையைக் கழுவிவிட்டு நாலடி தள்ளிச் சென்று மீண்டும் அதையே செய்கிறார்.

இக்காட்சியை முதன்முதலில் கண்டபோது, அவர் நாற்றுக்குக் கண்ணேறு கழிக்கிறாரோ என்றுதான் நினைத்தேன். உண்மையில் அவர் செய்துகொண்டிருந்தது ஓர் அளவீடு. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் திருகு அளவியைக் கொடுத்து, "அளந்து பார்க்காமல் எதையும் சொல்லாதே" என்று நாள்தோறும் கூறிவரும் இயற்பியல் ஆசிரியன் நான். ஆயினும் ஈரமான ஒரு கை அளவுகருவி ஆகக்கூடும் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கையில் ஒட்டியிருந்தவை இலைப்பேன்கள். அவற்றை இனங்கண்டு, பெயரிட்டு, எண்ணக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றையே இங்கே பார்க்கப் போகிறோம்.

2012-ஆம் ஆண்டுச் சம்பா

எங்கள் ஊர் கீழவாஞ்சூர். காரைக்கால் பகுதியின் தென் எல்லையில் உள்ளது. ஊரைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. கிழக்கே கடல். 2009-ஆம் ஆண்டு முதல் இங்கு ஒரு துறைமுகமும் இயங்கி வருகிறது. கடல் அருகில் இருப்பதால் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. வயலுக்கு ஆற்றுநீரும் மழைநீருமே துணை. மேட்டூரில் திறந்த நீர் மேலே உள்ள வயல்களையெல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம் இது. ஆகவேதான் கடைமடை என்கிறோம்.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம். 2012-ஆம் ஆண்டில் அது நடைபெறவில்லை. செப்டம்பரில்தான் அணை திறந்தது. கடைமடைக்கு நீர் வந்துசேர மேலும் நாளாயிற்று. என் சித்தப்பா இருந்த நீரைக் கொண்டு சம்பா நாற்றங்காலைப் போட்டார். அந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன்.

"தம்பி, நாத்து நுனியெல்லாம் ஊசி ஊசியா நிக்குது. நெருப்பு பட்டாப்புல இருக்கு" என்றார்.

"மருந்து அடிச்சீங்களா, சித்தப்பா?"

"ரெண்டு தரம் அடிச்சாச்சு. கடையில குடுத்ததத்தான் அடிச்சேன்."

"எத்தனை பூச்சி இருந்துச்சு?"

"பூச்சிய யாரு கண்டா? சுருண்டிருந்துச்சு, அடிச்சேன்."

மேலுரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அந்த இரண்டு குப்பிகளுக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் அழைத்து வந்தவர்தான் மேலே சொன்ன முதியவர். வேளாண் பணியில் களத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். பன்னிரண்டு முறை கையை நனைத்துத் தடவி எண்ணினார். முப்பதைக்கூடத் தாண்டவில்லை. "அறுபதுக்கு மேல இருந்தாத்தான் மருந்தைப் பத்தி யோசிக்கணும்" என்றார்.

"அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றார் சித்தப்பா.

"செஞ்சிருக்கலாம். மொதல்லேயே இவ்வளவுதான் இருந்துதோ என்னமோ. நீங்க எண்ணலியே" என்றார் முதியவர்.

அந்தப் பதில் என்னை உறுத்தியது. தொடக்க அளவீடு இல்லாத சோதனையிலிருந்து எந்த முடிவையும் பெற முடியாது என்பது இயற்பியலின் பால பாடம். அதை நான் என் சொந்த ஊர் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டேன். இலைப்பேன் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பேன் அல்லாத பேன்

இலைப்பேன் என்ற பெயரைக் கேட்டு அதைத் தலைப்பேனின் வகை என்று கொள்ளக் கூடாது. இது தனி வரிசையைச் சேர்ந்த பூச்சி. ஸ்வீடன் நாட்டு டி கீர் என்பவர் 1744-ஆம் ஆண்டில், இதன் பாத நுனியில் குமிழ் போன்ற ஓர் உறுப்பு இருப்பதைக் கண்டு 'குமிழ்ப்பாதம்' என்று பொருள்படும் பெயரை இட்டார். லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் 'திரிப்ஸ்' என்றார். மரத்தைத் துளைக்கும் புழுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஆங்கிலத்தில் பூச்சி ஒன்றானாலும் ஆயிரமானாலும் திரிப்ஸ்தான். ஒருமை, பன்மை வேறுபாடு இல்லை. 1836-ஆம் ஆண்டில் ஹாலிடே என்ற அறிஞர், இதன் இறக்கையின் ஓரத்தில் மயிர்க்குஞ்சம் இருப்பதைக் கொண்டு 'குஞ்ச இறக்கையின' என்ற பொருளில் தைசனாப்டெரா என வரிசைக்குப் பெயரிட்டார்.

உலகில் இதுவரை 6000-க்கு மேற்பட்ட இலைப்பேன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 700-க்கு மேல். இவற்றுள் பல பூஞ்சைகளையும் மகரந்தத்தையும் உண்டு வாழ்பவை. சில, பிற சிறு பூச்சிகளை வேட்டையாடி நமக்கு நன்மை செய்பவை. பயிரை அழிப்பவை மிகச் சிலவே.

பெரும்பாலான இனங்களின் நீளம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். இதன் வாயமைப்பு விந்தையானது. பூச்சிகளுக்கு இரண்டு தாடைகள் இருப்பது வழக்கம். இலைப்பேனுக்கோ இடத் தாடை மட்டுமே வளர்ந்துள்ளது. வலத் தாடை கருவிலேயே மறைந்துவிடுகிறது. ஒற்றைத் தாடையால் இலையின் மேல்தோலைக் குத்தித் துளையிட்டு, ஊசி போன்ற வேறு இரு உறுப்புகளைச் சேர்த்துக் குழாயாக்கி, உயிரணுவின் சாற்றை உறிஞ்சுகிறது. சாறு போன இடத்தில் காற்று புகுகிறது. காற்று நிறைந்த உயிரணுக்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சோப்பு நுரை வெண்மையாகத் தோன்றுவதும் இதனால்தான். இலைப்பேன் தின்ற இலையில் நாம் காணும் வெள்ளிக் கோடுகளுக்குக் காரணம் இதுவே.

நெல் நாற்றில் சாறு இழந்த இலையின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருள்கின்றன. நுனி ஊசிபோல் ஆகிறது. அந்தச் சுருளுக்குள்ளேயே பூச்சி குடியிருக்கிறது. முட்டைகளை இலைத் திசுவுக்குள் செருகிவிடுகிறது. முட்டை, இருபருவ இளம் பூச்சி, உணவுண்ணாத இரு கூட்டுப்புழு நிலைகள், முதிர்ந்த பூச்சி என்ற சுற்று இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு தாய்க்கு இருபது பெண் வாரிசுகள் பிழைக்கின்றன என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்றே தலைமுறையில் 20 × 20 × 20, அதாவது 8000 ஆகிவிடும். இயற்கையில் மழையும் எதிரிப் பூச்சிகளும் இக்கணக்கைக் குறுக்கே நின்று தடுக்கின்றன. அவை தவறும் ஆண்டில்தான் ஆபத்து. மழையற்ற, நீர் குறைந்த நாட்களில் நாற்றங்காலில் இலைப்பேன் பெருகுவது இதனால்தான்.

காற்றில் நீந்தும் பூச்சி

குஞ்சம் வைத்த இறக்கையால் எப்படிப் பறக்க முடியும்? சல்லடையை அசைத்து விசிறிக்கொள்ள முடியுமா? நம் அளவில் முடியாது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் உடலுக்குக் காற்றே பிசுபிசுப்பான நீர்மம் போன்றது. விமானத்தின் சிறகைச் சுற்றி ஓடும் காற்றில் உந்தமே பெரிது, பாகுநிலை சிறிது. இலைப்பேனுக்கோ பாகுநிலை மிக முக்கியமாகிவிடுகிறது. அடுத்தடுத்த மயிர்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியில் காற்று எளிதில் புகுந்து ஓட முடிவதில்லை. எனவே குஞ்சம் ஏறத்தாழ முழு இறக்கையைப் போலவே செயற்படுகிறது; எடையோ குறைவு. நொடிக்கு 200 முறைக்கு மேல் இறக்கையை அடித்துக்கொண்டு இது எழும்புகிறது. எழும்பிய பிறகு காற்று எங்கே கொண்டுசெல்கிறதோ அங்கே போகிறது. ஒரு வயலில் மருந்தடித்து விரட்டினாலும் அடுத்த வயலிலிருந்து வந்து இறங்குவது இப்படித்தான். காரைக்காலுக்கும் நாகைக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு அதற்குத் தெரியாது.

பெயர் சூட்டிய காலம்

நெல் இலைப்பேன் இந்நாட்டுக்குப் புதிதன்று. புகையான், ஆனைக்கொம்பன் என்று நெற்பூச்சிகளுக்குத் தமிழில் அழகிய பெயர்கள் உண்டு. கண்ணுக்கு எளிதில் தென்படாத இலைப்பேனின் சேதத்தை வறட்சியின் சேதமாகவே கொள்வது எளிது. இரண்டிலும் இலை சுருள்கிறது, நுனி காய்கிறது.

அறிவியல் நூல்களில் இது முறையாக இடம்பெற்றது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1913-ஆம் ஆண்டில் பாக்னால் என்ற ஆங்கில அறிஞர் 'பைஃபார்மிஸ்' என்ற இனத்தை விவரித்தார். 1916-ஆம் ஆண்டில் சி. பி. வில்லியம்ஸ் என்பவர், இந்தியாவில் நெல்லுக்குத் தீங்கு செய்யும் புதிய இனம் என்று 'திரிப்ஸ் ஒரைசே' என்ற பெயரில் ஒன்றை விவரித்தார். இரண்டும் ஒரே பூச்சிதான் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. முந்திய பெயருக்கே உரிமை என்பது உயிரியலில் விதி. ஆகவே இன்று இதனை ஸ்டென்கீட்டோதிரிப்ஸ் பைஃபார்மிஸ் என்கிறோம். வில்லியம்ஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இக்கதையில் மீண்டும் வருவார்.

இதே காலத்தில் கோவை ஒரு முக்கிய மையமாக வளர்ந்தது. 1868-ஆம் ஆண்டில் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ஆம் ஆண்டில் கோவைக்கு இடம் மாறிக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமுமாயிற்று. அங்கே பணியாற்றிய டி. வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்திய இலைப்பேன்களைத் தேடித் தொகுத்தார். 1928-ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி விரிவான ஓர் ஆய்வேடு வெளியிட்டார். மிளகாயை வாட்டும் இலைப்பேனும் கோவையில் மிளகாய், ஆமணக்குச் செடிகளிலிருந்து எடுத்த பூச்சிகளைக் கொண்டுதான் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1919-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹூட் அதற்கு 'ஸ்கிர்ட்டோதிரிப்ஸ் டார்சாலிஸ்' என்று பெயரிட்டார். கோவையில் பெயர் பெற்ற அந்தப் பூச்சி இன்று பல கண்டங்களில் பரவிவிட்டது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும் நிலைகொண்டது.

குண்டூரும் மதுரையும்

பெயரிட்டால் போதுமா? செடியில் காணும் நோய்க்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டாமா? மிளகாயில் இலை சுருளும் நோய் அந்நாளில் பெருந்தொல்லையாக இருந்தது. 1935-ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண ஐயரும் சுப்பையா, கிருஷ்ணமூர்த்தி என்ற இருவரும் குண்டூர், மதுரைப் பகுதிகளில் மிளகாய் இலை சுருள்வது இலைப்பேனால்தான் என்று சென்னை வேளாண் இதழில் எழுதினர். இன்றும் களத்தில் பயன்படும் ஓர் அடையாளம் உண்டு. இலைப்பேன் தாக்கினால் மிளகாய் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். இரண்டுக்கும் மருந்து வேறு. அடையாளம் தெரியாமல் தெளித்தால் பணம் போகும், பூச்சி போகாது.

விடுதலைக்குப் பிறகு இத்துறையை உயரத்துக்குக் கொண்டுசென்றவர் டி. என். அனந்தகிருஷ்ணன். சென்னை இலயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிலையத்தை நிறுவியவர். 1969-ஆம் ஆண்டில் இந்திய இலைப்பேன்கள் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. ஒரு கல்லூரி ஆசிரியர் தமிழகத்திலிருந்துகொண்டே உலக அளவில் ஒரு பூச்சி வரிசைக்குச் சான்றாளராகத் திகழ்ந்தார் என்பது நம் மாணவர்கள் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி.

மருந்து வந்தது

இதற்கிடையே உலகம் மாறியிருந்தது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-ஆம் ஆண்டில் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். போருக்குப் பின் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் வயல்களுக்கு வந்தன. 1954-ஆம் ஆண்டு நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் இந்தியாவுடன் இணைந்தது. 1960-களில் குறுகிய கால நெல் இரகங்கள் காவிரிப் படுகையில் பரவின. இரசாயன உரமும் தெளிப்பானும் உடன் வந்தன. விளைச்சல் கூடியது என்பதை மறுக்க முடியாது. அதே நேரத்தில், பூச்சி என்றால் மருந்து என்ற பழக்கமும் வேரூன்றியது.

இலைப்பேனிடம் இப்பழக்கம் செல்லாது. காரணங்கள் மூன்று. முதலாவது, ஒளிவிடம். முட்டை திசுவுக்குள், இளம் பூச்சி சுருளுக்குள் அல்லது மொட்டுக்குள், பல இனங்களின் கூட்டுப்புழு மண்ணுக்குள். தெளித்த துளி எட்டுவது ஒரு பகுதியைத்தான். இரண்டாவது, வேகம். குறுகிய வாழ்க்கைச் சுற்றில் தலைமுறைகள் விரைந்து வருவதால், மருந்தைத் தாங்கும் வகை விரைவில் நிலைபெறுகிறது. மூன்றாவது, எதிரிகளின் இழப்பு. இலைப்பேனைத் தின்னும் ஓரியஸ் என்ற சிறு நாவாய்ப்பூச்சியும், கொன்றுண்ணிச் சிலந்திப்பேன்களும் மருந்தில் முதலில் மடிகின்றன. வீட்டில் காவல்நாயை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவடைப்பது போன்றது இது.

பழைய மருந்துகளின் கதை என்னவாயிற்று? டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. பி.எச்.சி.க்கு 1997-ஆம் ஆண்டில் தடை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களில் தெளிப்பது 2005-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொன்றும் வந்த நாளில் சஞ்சீவி என்றே கொண்டாடப்பட்டது.

எண்ணிக்கை அறிவியலான கதை

1959-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான்டென்பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வயலில் பூச்சி இருப்பது குற்றமன்று. அதனால் ஏற்படவிருக்கும் இழப்பு, அதைக் கட்டுப்படுத்தும் செலவை எட்டும் நிலை வரும்போதே தலையிட வேண்டும் என்பது அதன் சாரம். இதிலிருந்து வளர்ந்ததே இன்று நம் வேளாண் நூல்களில் 'பொருளாதாரச் சேத நிலை' என்று வழங்கும் கருத்து.

இக்கருத்துக்கு எண் வேண்டும். எண்ணுக்கு எண்ணும் முறை வேண்டும். நெல் நாற்றங்காலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் அளவு இது: ஈரக் கையால் 12 முறை தடவும்போது 60 இலைப்பேன்கள், அல்லது நூற்றுக்குப் பத்து நாற்றுகளில் முதல் இரண்டு இலைகள் சுருண்டிருத்தல். எங்கள் ஊர் முதியவரின் 'அறுபது' இதுதான்.

இனி வில்லியம்ஸுக்கு வருவோம். நெல் இலைப்பேனுக்குப் பெயரிட்ட அதே மனிதர், பிற்காலத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் துறைத் தலைவரானார். இரவுதோறும் விளக்குப் பொறியில் விழும் அந்துப்பூச்சிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணினார். 1943-ஆம் ஆண்டில் புள்ளியியல் மேதை ஃபிஷருடனும் கார்பெட்டுடனும் சேர்ந்து, ஒரு தொகுப்பில் உள்ள உயிர்களின் எண்ணிக்கைக்கும் இனங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவைக் கணிதமாக்கினார். பூச்சிக்குப் பெயரிடுவதில் தொடங்கிய வாழ்க்கை, பூச்சியை எண்ணுவதில் முதிர்ந்தது.

ஈரக் கையின் இயற்பியல்

கை ஏன் ஈரமாக இருக்க வேண்டும்? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். இலைப்பேனின் உடலோரம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு நீர்ப்படலத்தைத் தொடுகிறது என்று கொள்வோம். அதைப் பற்றும் விசை 0.072 × 0.002, அதாவது 0.000144 நியூட்டன். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சியின் நிறையை 0.05 மில்லிகிராம் என்று எடுத்தால், அதன் எடை சுமார் 0.0000005 நியூட்டன். வகுத்துப் பாருங்கள்: நீர் இழுக்கும் விசை பூச்சியின் எடையைப் போல் ஏறத்தாழ 300 மடங்கு! நமக்குக் கையைத் துடைத்தால் போய்விடும் ஈரம், இலைப்பேனுக்குத் தப்பமுடியாத சேறு. அதன் குஞ்ச இறக்கை நனைந்துவிட்டால் பறக்கவும் இயலாது.

நாற்றங்காலை ஒன்றிரண்டு நாள் நீரில் மூழ்கடித்து வைப்பது நூல்கள் பரிந்துரைக்கும் எளிய கட்டுப்பாட்டு முறை. மருந்துத் துளி எட்டாத சுருளுக்குள்ளும் நீர் எட்டுகிறது. ஆனால் இங்கேதான் கடைமடையின் துயரம் இருக்கிறது. மிக மலிவான மருந்து தண்ணீர்; இலைப்பேன் பெருகும் நாளில் இல்லாததும் அதே தண்ணீர்தான். 2012-ஆம் ஆண்டுக்குப் பிறகு 2019-ஆம் ஆண்டு வரையிலும் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2020-ஆம் ஆண்டில்தான் மீண்டும் அந்நாளில் திறந்தது. அணையின் நீர்மட்டத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் பூச்சிக்கும் உள்ள தொடர்பை எங்கள் ஊர் உழவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

மீண்டும் குண்டூர்

இலைப்பேனின் தீமை சாறு உறிஞ்சுவதோடு முடிவதில்லை. 1927-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பிட்மன் என்பவர், தக்காளியின் புள்ளிவாடல் நோயை இலைப்பேன் பரப்புவதாகக் காட்டினார். இளம் பருவத்தில் நச்சுயிரியை ஏற்றுக்கொண்ட பூச்சியே வளர்ந்தபின் அதைப் பரப்ப வல்லது. வேறொரு வகையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலைத் தண்டு அழுகி மடிந்தது. சுமார் 2,25,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டு, 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு. நச்சுயிரி இருந்தது பார்த்தீனியக் களையின் மகரந்தத்தில். அதைச் சுமந்து சென்றது இலைப்பேன்.

அடுத்த அடி குண்டூரில் விழுந்தது. தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்த 'திரிப்ஸ் பார்விஸ்பைனஸ்' என்ற கருநிற இலைப்பேன், இந்தியாவில் பெங்களூரில் பப்பாளிச் செடிகளில் இருப்பதாக 2015-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. அனந்தகிருஷ்ணன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். 2021-ஆம் ஆண்டில் அது ஆந்திரம், தெலங்கானாவின் மிளகாய் வயல்களில் வெள்ளமெனப் பெருகியது. பழைய இலைப்பேன் தளிர் இலையில் இருந்தது. இது பெருமளவில் பூவுக்குள் இருந்தது. பூக்கள் உதிர்ந்தன, காய்கள் உருக்குலைந்தன. உழவர்கள் பழைய பூச்சி என்றெண்ணிப் பழைய மருந்தையே மீண்டும் மீண்டும் தெளித்துக் கடனாளியாயினர். 1935-ஆம் ஆண்டில் எந்த மண்ணில் ஒரு பூச்சியின் அடையாளம் நிறுவப்பட்டதோ, அதே மண்ணில் 86 ஆண்டுகள் கழித்து அடையாளம் தெரியாமை பெருஞ்சேதம் விளைத்தது.

செய்யத்தக்கவை

வரலாறு நமக்குச் சொல்வது ஒரு வரிசைமுறை: முதலில் அடையாளம், அடுத்து எண்ணிக்கை, கடைசியாகச் செயல்.

நெல் நாற்றங்காலில் வாரம் ஒருமுறையேனும் ஈரக் கையால் எண்ண வேண்டும். வரப்போரத்தில் மட்டுமன்றி உள்ளேயும் தடவ வேண்டும். அளவுக்குக் கீழே இருந்தால் காத்திருக்கலாம். நீரும் ஊட்டமும் பெற்ற நாற்று புது இலை விட்டுத் தேறும். அளவை நெருங்கினால், நீர் கிடைக்கும் இடத்தில் மூழ்கடிக்கலாம். தாண்டினால் மட்டும், வேளாண் அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் அளவில் தெளிக்க வேண்டும்.

மிளகாய் போன்ற பயிர்களில் வயலைச் சுற்றி மக்காச்சோளம் அல்லது சோளத்தை வேலியாக நெருக்கி விதைக்கலாம். காற்றில் மிதந்து வரும் பூச்சி அதில் தடைபடும். நீலநிற ஒட்டுப்பொறிகள் பூச்சியைக் கவர்ந்து, வரவை முன்கூட்டியே காட்டும். வெள்ளி நிற நிலப்போர்வை வானொளியைத் திருப்பி அனுப்பி, தரையிறங்கும் பூச்சியைக் குழப்பும். இவ்விரண்டும் ஒளியியலின் பயன்கள். வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் 5 விழுக்காடு, அதாவது 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ பருப்புத்தூள், தொடக்க நிலையில் உதவும். வரப்பில் பார்த்தீனியத்தைப் பூக்கவிடக் கூடாது. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளிக்கக் கூடாது. ஐயம் இருந்தால், காரைக்கால் பகுதியினருக்கு 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய பண்டித ஜவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி அருகிலேயே உள்ளது. சுருண்ட நாற்றைக் கையோடு எடுத்துச் சென்று காட்டலாம்.

2012-ஆம் ஆண்டின் அந்த நாற்றங்கால் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். வாய்க்காலில் வந்த நீரைத் தேக்கி இரண்டு நாள் மூழ்கடித்தோம். அடுத்த வாரம் மழையும் பெய்தது. புதிய இலைகள் சுருளாமல் விரிந்தன. காப்பாற்றியது மருந்தா, தேக்கிய நீரா, மழையா என்று என்னால் சொல்ல இயலாது. அன்று நாங்கள் எண்ணத் தொடங்கியதே தாமதமாகத்தான்.

இப்போது சித்தப்பா வீட்டு நாட்காட்டியில், நாற்றுவிட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஓர் எண் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. சில வாரங்களில் அது 15. சில வாரங்களில் 40. அறுபதைத் தாண்டிய ஆண்டில் மருந்தும் அடித்தார். அடித்த பிறகு மறுபடி எண்ணி, அதையும் எழுதி வைத்தார். மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் நாற்றங்கால் இருக்கும். ஒரு கைப்பெருக்கியை எடுத்துக்கொண்டு போங்கள். கையை நனைத்துத் தடவிப் பாருங்கள். எண்ணிய எண்ணை அந்த வயலுக்கு உரியவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.